மாதம் ஒரு ஜோடி

“ஊது.”

தம்பி ஊதினான்.

“ஊதச் சொன்னா ஊதணும். கொட்டாவி விடாதே. நெஞ்சிலேர்ந்து வரட்டும்.”

மறுபடியும் ஊதினான். காலை ஏழரை மணி. ஷிப்டுக்கு வருகிற அத்தனை பேரும் தொழிற்சாலை வாசலில் நடக்கும் இந்தக் கூத்தை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். நர்ஸ் அக்கா தம்பியின் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பற்பசை வாசனை. வேறு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லை என்பதுதான் அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. குடிக்கிறவன் குடிக்கிற மாதிரி நாறித் தொலைத்தால் என்ன?

“போதுமாக்கா?”

“போ. மத்தியானமும் வந்து ஊதிட்டுப் போ.”

தலையாட்டிவிட்டுப் போனான். எதைச் சொன்னாலும் இப்படி ஒரு தலையாட்டல். சட்டை தோளில் தொங்கியது. ஆறு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டான். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

அந்தத் தொழிற்சாலையில் செயற்கைத் தோல் செய்வார்கள். நாற்காலி உறை, கைப்பை, செருப்பு வார் என்று எல்லாரும் ரெக்ஸின் ரெக்ஸின் என்கிறார்களே, அதுதான். பிசினைக் கரைப்பானில் கரைத்து, ஓடுகிற துணியின்மேல் ஊற்றி, நீளமான ஒரு கத்தியால் வழித்துச் சமமாகப் பூசி, சூட்டில் காயவைத்து எடுப்பார்கள். கரைப்பானுக்கு டப்பாவில் ஒரு பெயர் அச்சடித்திருக்கும். யார் வாயிலும் நுழையாது. லேசாக மீன் வாடை அடிப்பதால் எல்லாருக்கும் அது மீன்தண்ணி. தம்பி அங்கே பூச்சு எந்திரத்தில் வேலை பார்த்தான். வாசலை ஒட்டிய முதலுதவி அறையில் அக்கா நர்ஸ். தம்பிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

வருடாந்தர ரத்தப் பரிசோதனையில் அவனுடைய கல்லீரல் தகராறு செய்திருந்தது. நாற்பதுக்குள் இருக்கவேண்டிய எண், நூற்று முப்பது. வாரம் இருமுறை வந்துபோகும் டாக்டர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உங்க தம்பி தண்ணி போடுவாரா சிஸ்டர்?”

“ஐயோ, அவனா? வாயில விரலை வச்சா கடிக்கத் தெரியாது டாக்டர்.”

“கடிக்கத் தெரியாதவங்களுக்கும் குடிக்கத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு, ‘மதுவை நிறுத்தவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா முதலில் நம்பவில்லை. அதற்கடுத்த வாரமே கூட வேலை பார்க்கிறவர் வீட்டில் குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தது. ஆண்கள் மொட்டைமாடியில் பீர் வைத்துக்கொண்டார்கள். வற்புறுத்தினார்களே என்று தம்பியும் அரை டம்ளர் குடித்தான். பத்தே நிமிடம். முகம் செக்கச்செவேலென்று ஆகி, கழுத்து, மார்பு என்று இறங்கி, நெஞ்சு படபடவென்று அடிக்க, படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வந்த விருந்தாளி அத்தனை பேரும் அவனைத் தாண்டித்தான் கீழே இறங்கினார்கள். “வரும்போதே நல்லா ஏத்திட்டு வந்திருக்கார் போல,” என்று ஒருவர் சொன்னது அவன் மனைவியின் காதில் நேராகப் போய் விழுந்தது.

“அரை டம்ளர்தான்மா. பிள்ளை மேல சத்தியமா அரை டம்ளர்தான்.”

“அரை டம்ளருக்கு யாருக்காவது இப்படி ஆகுமா? கேக்கறவ கேனச்சியா இருந்தா என்ன வேணா சொல்லுவீங்களா?”

அன்றோடு அவன் பீரை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. யார் நம்புகிறார்கள்? மூன்று மாதம் கழித்து எண் நூற்று எழுபது. சாப்பாடு இறங்கவில்லை, வயிற்றுக்கு மேலே வலிக்கிறது என்றான். குடித்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்றார்கள்.

அப்புறம் அவன் மனைவி ஒரு காரியம் செய்தாள். பத்து நாள் விடுப்பு எடுக்க வைத்து அவனை வீட்டிலேயே பூட்டி வைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள். கடைக்குப் போனால் கூடவே போனாள். பதினோராம் நாள் ரத்தம் எடுத்தார்கள். எழுபது!

“பாத்தியா?” என்று நர்ஸ் அக்கா அந்தத் தாளைத் தம்பியின் முகத்துக்கு நேரே ஆட்டினாள். “பாத்தியாடா? காவல் போட்டா இறங்குது. இனிமேலும் கதை விடுவியா?”

“எனக்கே புரியலக்கா.”

“எனக்குப் புரியுது.”

அவன் மனைவி தனியாக வந்து, “அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. ஒருவேளை அவர் சொல்றது நிஜமா இருக்குமோ?” என்று கேட்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அக்கா, “நம்பாதேம்மா. இந்த மாதிரி ஆளுங்களை எவ்வளவு பாத்திருக்கேன். அழுது அழுதே ஏமாத்துவாங்க,” என்றாள். கூடப்பிறந்தவளே அப்படிச் சொன்னபிறகு அவள் வேறு யாரைக் கேட்பாள்?

வேலைக்குத் திரும்பினான். இரண்டு மாதத்தில் இருநூற்றுப் பத்து.

இந்தத் தடவை விஷயம் மேனேஜர் வரை போய்விட்டது. குடிகாரனைக் கத்தி ஓடுகிற எந்திரத்தில் விட முடியாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். மனைவியோ இனிமேல் முடியாது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டி எடுத்து வைத்துவிட்டாள். அவர் குடிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள். நர்ஸ் அக்கா இரண்டு பக்கமும் ஓடினாள், கெஞ்சினாள். கடைசியில் மேனேஜர் ஒரு வழி சொன்னார்: தப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கட்டும், ஒரு மாதம் பார்க்கலாம்.

கடிதத்தை அவளே எழுதினாள். ‘கடந்த சில மாதங்களாக மது அருந்தி வந்தேன். இனி அருந்த மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.’

“போடு கையெழுத்தை.”

“குடிக்கலையேக்கா.”

“வேலை வேணுமா, வேண்டாமா? பொண்டாட்டி பிள்ளை வேணுமா, வேண்டாமா? அடேய், என் பொறுமைக்கும் ஒரு அளவு இருக்குடா!”

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. அவள் கண் தாளில் இருந்தது, விரலில் இல்லை.

அதற்கப்புறம்தான் இந்த ஊதல். ஊதலிலும் ஒன்றும் சிக்காமல் போகவே, ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவெடுத்தாள். அலமாரியைத் திறந்து துழாவியாயிற்று, தண்ணீர்ப் பாட்டிலை முகர்ந்தாயிற்று. மிச்சம் இது ஒன்றுதான். அறையைப் பூட்டிவிட்டு, ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பூச்சுக் கூடத்துக்குப் போனாள்.

சொல்லவே வெட்கக்கேடு, எத்தனையோ வருடமாக அந்தத் தொழிற்சாலையில் இருக்கிறாள், கூடத்துக்குள் ஒரு முழு ஷிப்ட் உட்கார்ந்தது கிடையாது. அடிபட்டவர்கள் அவளிடம் வருவார்கள். அவள் ஏன் போகவேண்டும்? வருடத்துக்கு இரண்டு முறை ஒருவர் வந்து, வேலையாட்களின் காலரில் சின்னப் பம்பு ஒன்றை மாட்டிக் காற்றை அளந்துவிட்டு, காற்று பாதுகாப்பான அளவில் இருக்கிறது என்று சான்றிதழ் கொடுப்பார். அதைச் சட்டம் போட்டுத் தன் மேசைக்கு மேலே மாட்டியிருந்தாள். பொறுப்பு முடிந்தது.

“ஏய் கிளவுஸ், அக்கா வந்திருக்காங்க, ஒழுங்கா வேலை பாரு!” என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. தம்பிக்கு அங்கே அதுதான் பெயர். கூடத்திலேயே தினமும் கையுறை போடுகிற ஆள் அவன் ஒருவன். மற்றவர்களுக்கு அது பிடிக்காது. கத்தி விளிம்பு விரலுக்குத் தெரியவில்லை என்பார்கள். தம்பியும் அப்படித்தான் இருந்தான். ‘கையுறை இல்லாமல் உன்னை ஒரு நாள் பார்த்தேன், அதோடு உன்னோடு பேச மாட்டேன்’ என்று அக்கா சொன்ன நாளிலிருந்து மாட்டிக்கொண்டவன்தான்.

முதல் மூன்று மணி நேரம் அவன் குடித்தது, அவளே கொண்டுவந்த தண்ணீர். பிறகு எந்திரத்தை நிறுத்தித் துணிச் சுருளை மாற்றினார்கள். கத்தியில் ஒட்டிய பிசினைத் துடைக்கவேண்டும். பக்கத்து எந்திரத்துக்காரர் நீளமான கைப்பிடி போட்ட தூரிகையை மீன்தண்ணியில் தொட்டு, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, கையில் தெறித்த சொட்டைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினார். “மிச்சத்தைக் கிளவுஸ் பாத்துக்குவான்,” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கிளவுஸ் பார்த்துக்கொண்டான். வாளியில் மணிக்கட்டு மூழ்கக் கையை விட்டுத் துணியைப் பிழிந்து எடுத்தான். தன் கத்தியைத் துடைத்தான். பக்கத்துக் கத்தியைத் துடைத்தான். அதற்கடுத்ததையும் துடைத்தான். மறுபடி வாளி, மறுபடி பிழிசல். சாவகாசமாக, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி, முக்கால் மணி நேரம்.

“எல்லாத்தையும் நீயேவாடா துடைக்கிறே?”

“நான்தானேக்கா கிளவுஸ் போட்டிருக்கேன். அவங்களுக்குக் கையில பட்டுடுமே.”

சொல்லிவிட்டு அடுத்த வேலையைத் தொடங்கினான். கையுறையைக் கழற்றி அதே வாளியில் அலசினான். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அதையும் மீன்தண்ணியிலேயே அலசினான். உதறிக் குழாயின்மேல் காயப்போட்டான். டீ குடித்துவிட்டு வந்து, திருப்பி மாட்டிக்கொண்டான்.

அக்கா ஸ்டூலை விட்டு எழுந்தாள். “என்னடா பண்றே?”

“பிசின் ஒட்டிக்கிச்சுன்னா விறைச்சிடும்க்கா. சோப்புத் தண்ணில போகாது. மாசத்துக்கு ஒரு ஜோடிதானே குடுக்கறே. சுத்தமா வச்சுக்கணும்ல?”

மாசத்துக்கு ஒரு ஜோடி. அந்த அறிவிப்பை எழுதி ஒட்டியவள் அவள்தான். ஒருகாலத்தில் கையுறைகளை ஆளாளுக்கு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கிழிந்ததைக் காட்டினால்தான் புதியது என்று சட்டம் போட்டிருந்தாள். கிழியாவிட்டால் மாதம் ஒன்று. அதில் அவளுக்குப் பெருமை வேறு.

“கழட்டு. கையைக் காட்டு.”

கையுறை ஊறிப்போன அப்பளம் மாதிரி தொளதொளவென்று வந்தது. உள்ளே விரலெல்லாம் ஈரம்.

“இது என்ன?”

“வேர்வைக்கா.”

அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோனாள். இத்தனை நாள் வாயை மோந்தவள், முதல்தடவையாகக் கையை மோந்தாள். மீன் வாடை. வேர்வைக்கு எங்கிருந்துடா வரும் மீன் வாடை?

அறைக்கு ஓடினாள். கரைப்பானோடு கம்பெனி அனுப்பிய பாதுகாப்புக் குறிப்பு கோப்பில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பக்கம். காற்று அளவுகள் போட்ட அட்டவணையில், அந்த வாயில் நுழையாத பெயருக்குப் பக்கத்தில் ‘தோல்’ என்று ஒரே ஒரு சொல் இருந்தது. கீழே சின்ன எழுத்தில் விளக்கம்: தோல் வழியாக உடலுக்குள் புகும், காற்று அளவு சரியாக இருந்தாலும் போதாது. அடுத்த பக்கத்தில் இன்னும் விவரம். கல்லீரலைத் தாக்கும். வயிற்று வலி, பசியின்மை வரும். கொஞ்சம் மது அருந்தினாலும் முகமும் மார்பும் சிவந்துவிடும். சாதாரண மெல்லிய ரப்பர் கையுறை தடுக்காது. நனைந்த கையுறை, தோலோடு ஒட்டிவைத்த ஈரத்துணிக்குச் சமம். தடிமனான வேறு வகைக் கையுறையின் பெயர்கூடப் போட்டிருந்தது.

முதல் பக்கத்தில் ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்ற முத்திரை. அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து, அழகாக, தேதியோடு.

தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அடிப் பாவி, ஒரு பக்கம் புரட்டியிருந்தால் போதுமே! வீட்டில் பத்து நாள் இருந்தபோது எண் இறங்கியதற்குக் காரணம் சாராயம் இல்லாததா? வாளி இல்லாதது!

டாக்டரிடம் போனால் அவர், “காற்று அளவு சரியா இருக்கே சிஸ்டர்,” என்று சட்டம் போட்ட சான்றிதழைக் காட்டினார்.

“அவன் மூக்கால இழுக்கல டாக்டர், கையால குடிச்சிருக்கான். அதை அளக்க உங்ககிட்ட பம்பு இருக்கா?”

அவர் தட்டிக்கழிக்கப் பார்த்தார். அவள் அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து, படிக்கும்வரை இடத்தை விட்டு நகரவில்லை. ஷிப்ட் முடிந்ததும் கூடத்தில் எல்லாருடைய சிறுநீரையும் எடுத்து வெளியே ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மீன்தண்ணி உடம்பில் புகுந்தால் மட்டுமே சிறுநீரில் வரும் ஒரு பொருள் இருக்கிறதாம். எந்தச் சாராயத்தாலும் அது வராது. நாலு நாளில் பதில் வந்தது. மற்றவர்களுக்கு வரம்புக்குள். தம்பிக்கு வரம்பைப்போல நாலு மடங்கு.

மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கையுறை போடாதவனுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல, போட்டவனுக்குத்தான் வந்துச்சுன்னு சொன்னா யார் சிஸ்டர் நம்புவாங்க? அதோட, குடிச்சேன்னு அவரே எழுதிக் குடுத்திருக்காரே.”

“அது நான் எழுதினது சார். அவன் கையெழுத்து மட்டும்தான் போட்டான்.”

“அப்போ நீங்களே அதையும் எழுதிக் குடுங்க.”

அவர் மிரட்டத்தான் சொன்னார். அவள் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினாள். கையுறை எது என்று பார்க்காமல் கொடுத்தவள் நான், மாதம் ஒன்று என்று சட்டம் போட்டவள் நான், குறிப்பைப் படிக்காமல் படித்தேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான், இல்லாத குடியை ஒப்புக்கொள்ள வைத்தவள் நான். மேனேஜர் படித்துவிட்டு, இதற்கு விசாரணை வரும், உங்கள் வேலைக்கு நான் உத்தரவாதம் இல்லை என்றார். வரட்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு நகலை எடுத்துக்கொண்டு, மத்தியானமே தம்பி வீட்டுக்குப் போனாள். மீன்தண்ணிப் பக்கம் போகாதே என்று, சிறுநீர் எடுத்த அன்றே அவனை விடுப்பில் அனுப்பியிருந்தாள்.

தம்பி மனைவி கதவைத் திறந்தாள். முகம் தெளிவாக இருந்தது. பெட்டி திரும்ப அலமாரிமேல் ஏறியிருந்தது. கூடத்தில் தம்பி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அமர்ந்து மகள் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க அண்ணி, சாப்பிடுங்க. இப்பல்லாம் கொஞ்சம் சாப்பிடறார்.”

“அவன் குடிக்கலம்மா,” என்றாள் அக்கா நின்றபடியே. பூசி மெழுக வாய் வரவில்லை. “ஒரு நாளும் குடிக்கல. மீன்தண்ணி கை வழியா உள்ள போயிருக்கு. நான் குடுத்த கிளவுஸ் வழியா.” தாள்களை நீட்டினாள்.

தம்பி மனைவி மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்து முடித்ததும் கணவன் பக்கம் திரும்பினாள்.

“அப்போ அன்னிக்கு என்கிட்ட, ஆமா குடிச்சேன், மன்னிச்சிடுன்னு அழுதீங்களே? அது?”

தம்பி தட்டைப் பார்த்தான். “கையெழுத்துப் போட்டாச்சு. வீட்டுல மட்டும் வேற சொன்னா நல்லாவா இருக்கும்?”

“குடிக்காமலே குடிச்சேன்னு சொன்னீங்களா? உங்களுக்கெல்லாம் மூளையே கிடையாதா?” அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கியது. “பாத்ரூமுக்குப் போனாக்கூட வெளியில நின்னு காவல் காத்தேனே! பிள்ளை முன்னாடி என்னெல்லாம் பேசினேன்! எனக்கு ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா?” பிறகு அண்ணி பக்கம் திரும்பினாள். “நான் கேட்டேனே அண்ணி. ஒருவேளை நிஜமா இருக்குமோன்னு உங்ககிட்ட வந்து கேட்டேனே.”

“ஆமாம்மா, நீ கேட்டே. நான்தான் நம்பாதேன்னு சொன்னேன். என் மேலதான் தப்பு.” அக்கா தம்பியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “டேய், நீயாவது என்னை நாலு வார்த்தை திட்டித் தொலை.”

அவன் திட்டவில்லை. உரிந்த விரல்களால் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

“குடிக்கலன்னு ஆறு மாசமாச் சொன்னேன்க்கா. ஒருத்தரும் என் பக்கத்துல உட்காரல. குடிச்சேன்னு சொன்ன அன்னிக்குத்தான் இவ பெட்டியைத் திரும்ப அலமாரி மேல வச்சா, பாப்பா மடியில வந்து உட்கார்ந்துச்சு. நீ கூட அன்னிக்குத்தான் சாப்பிட்டியான்னு கேட்டே.” ஒரு கவளத்தை எடுத்து, வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினான். “இப்ப வந்து குடிக்கலைங்கறே. நான் இனிமே எதைச் சொன்னா நீங்க நம்புவீங்க?”

மகள் தவிர வேறு யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “சாப்பிடுப்பா,” என்றாள் அவள்.